கர்ப்பிணியின் சினைப்பையையும் பாருங்கள்

பெறுநர்:
தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், துறைச் செயலாளர், பொது சுகாதாரத் துறை இயக்குநர், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர், தாம்பரம் மாநகராட்சி மேயர் ஆகியோருக்கு

மதிப்பிற்குரியீர்,

அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளில் செவிலியராக வேலைபார்த்து ஓய்வுபெற்று, இப்போது சிட்லபாக்கத்தில் குடியிருக்கும் ஒருத்தியின் மடல் இது. மாசமாக இருக்கும்போதே சினைப்பையில் புற்றுநோய் வந்துவிடுகிற பெண்களைப் பற்றி எழுதுகிறேன். எண்ணிக்கையில் அவர்கள் குறைவு. தேர்தல் மேடையில் அவர்களைப் பற்றிப் பேச்சு எழாது. சங்கம் வைத்துக் கோட்டைக்கு ஊர்வலம் வரும் நிலையிலும் அவர்கள் இல்லை. அவர்களுக்காக யாராவது எழுதித்தான் ஆகவேண்டும்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1,000 கர்ப்பங்களில் ஒன்றில் ஏதோவொரு புற்றுநோய் கூடவே இருக்கிறது என்பது உலக அளவில் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. மார்பகம், கர்ப்பப்பை வாய், ரத்தம் ஆகிய புற்றுநோய்கள் அதில் முன்வரிசையில் நிற்கின்றன. சினைப்பைப் புற்றுநோய் இவற்றைவிட அரிது. 15,000 முதல் 30,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் பிரசவங்கள் நடக்கின்றன. அந்த மதிப்பீடு நமக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் முப்பது முதல் ஐம்பது பெண்கள். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்தால் எண்ணூறு பேருக்கு மேல். இந்த எண் சிறியது என்பதால் விட்டுவிடலாம் என்று கோப்பில் யாரும் எழுதிவிடக் கூடாது. எண் சிறியதாக இருப்பதால்தான் இதற்கு ஒரு நல்ல ஏற்பாட்டை அரசால் செய்துவிட முடியும். பணமும் அதிகம் ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரோ, போன மருத்துவமனைகளோ இங்கே வேண்டாம். தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் வாடகை வீடு. அந்தப் பெண்ணுக்கு மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை. முதல் கர்ப்பம். மூன்றாம் மாத ஸ்கேனில் இடது சினைப்பையில் ஒரு கட்டி என்று ஒற்றை வரி வந்திருந்தது. "நீர்க்கட்டிம்மா, தானா கரைஞ்சிடும், பயப்படாதே" என்றார்கள். அப்படிச் சொன்னதில் தவறில்லை. முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் கரைந்துபோகிறது. ஆனால் கரைந்ததா என்று அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஐந்தாம் மாத ஸ்கேன் வேறொரு சென்டரில் எடுக்கப்பட்டது. குழந்தையின் தலை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், கை கால் என்று எல்லாவற்றையும் அந்த அறிக்கை விவரமாகச் சொன்னது. சினைப்பை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வயிறு மாசத்துக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்தபோது அக்கம்பக்கத்தில் "ரெட்டையா இருக்கும்" என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஆறாம் மாதம் தொடங்கும்போது விட்டுவிட்டு வலி வந்தது. முதலில் போன இடத்தில், "கட்டி பெருசா இருக்கு, சந்தேகமாவும் இருக்கு, இதை நாங்க தொட முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். புற்றுநோய்க்கென்று இருக்கும் இடத்தில், "இங்க பிரசவம் பார்க்கிற வசதி கிடையாது, பிரசவம் முடிச்சிட்டு வாங்க" என்றார்கள். மூன்றாவது இடத்தில், "குழந்தையை எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். மாமியார் தலைச்சன் பிள்ளையாயிற்றே என்று அழுதார். கணவன் இரண்டு பக்கமும் பேச முடியாமல் நின்றான். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சிஸ்டர், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

கடைசியில் அவளுக்கு வழி பிறந்தது. ஒரு மகப்பேறு மருத்துவரும் ஒரு புற்றுநோய் அறுவை மருத்துவரும் கல்லூரிக் காலத்து நண்பர்கள். ஒருவர் இன்னொருவரைக் கைப்பேசியில் அழைத்தார். இருவரும் சேர்ந்து நின்று அறுவை செய்தார்கள். கட்டி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. இளம்பெண்களுக்கு வருகிற கருவணுக் கட்டி அது. மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகை. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கீமோ கொடுத்தார்கள். ஒன்பதாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் மகளும் இன்று நலம்.

அவளைக் காப்பாற்றியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இரண்டு மருத்துவர்கள் பழைய சிநேகிதர்களாக இருந்தது அவளுடைய நல்ல நேரம். அடுத்து வருகிறவளுக்கு அந்த நல்ல நேரம் இருக்குமா? அந்தத் தொலைபேசி அழைப்பை அரசாங்கம் தன் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது இதைத்தான்.

மருத்துவம் இந்த விஷயத்தில் இருட்டில் தடவிக்கொண்டிருக்கவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். நூறு கர்ப்பிணிகளில் ஒன்றிரண்டு பேருக்குச் சினைப்பையில் கட்டி தென்படுகிறது. அதில் பெரும்பாலானவை கர்ப்பத்தைத் தாங்குவதற்காகச் சினைப்பையிலேயே உருவாகும் கட்டிகள். பதினாறு வாரத்துக்குள் மறைந்துவிடும். மறையாமல் நிற்பவற்றில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை புற்றாக இருக்கலாம். ஆகவே பதினான்கு, பதினாறு வாரத்தில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. அப்போதும் கட்டி இருந்தால், பெரிதாகிக்கொண்டே போனால், உள்ளே கெட்டியான பகுதிகளோ தடித்த தடுப்புகளோ தெரிந்தால், வயிற்றில் நீர் கோத்திருந்தால், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, அடிக்கடி சிறுநீர், இடுப்புவலி ஆகியவைதாம் சினைப்பைப் புற்றின் அடையாளங்கள். மாசமாக இருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இவை அத்தனையும் எனக்கும் இருக்கிறது என்பாள். ரத்தப் பரிசோதனையும் இந்த நேரத்தில் குழப்பும். சி.ஏ.125, ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. எல்லாம் கர்ப்பத்தினாலேயே ஏறக்கூடியவை. ஆகவே ஒரு ரத்த முடிவை வைத்துக்கொண்டு பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. நம்பக்கூடியது ஸ்கேன்தான். அதுவும் பழகிய கண் பார்க்கும் ஸ்கேன். அதிலும் தெளிவில்லை என்றால், சாயம் ஏற்றாத எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். குழந்தைக்கு அதனால் கெடுதல் என்று எதுவும் நிறுவப்படவில்லை.

அறுவைக்கு ஏற்ற காலம் பதினான்கிலிருந்து இருபது வாரம் வரை. அதற்கு முன் என்றால் கருச்சிதைவு பயம். எட்டு, பத்து வாரத்துக்கு முன்னால் கர்ப்பத்தைத் தாங்கும் சினைப்பையை எடுத்துவிட்டால் புரோஜெஸ்டிரான் வெளியிலிருந்து கொடுக்கவேண்டி வரும். பிந்திப் போனாலோ கர்ப்பப்பை பெரிதாகி வழியை மறைக்கும். அறுவை செய்யும் கை கட்டியை உடைத்துவிடாமல் முழுசாக வெளியே எடுக்கவேண்டும். ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. கட்டி புற்றாக இருந்து உள்ளே சிந்திவிட்டால் நோயின் நிலை ஒரு படி ஏறிவிடும். கீமோ இல்லாமல் முடியவேண்டியது கீமோவில் போய் நிற்கும். நல்ல சேதி என்னவென்றால், கர்ப்ப காலத்தில் தெரியவரும் சினைப்பைப் புற்றில் பெரும்பகுதி ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது. இந்தப் பெண்களுக்கெல்லாம் மாதாமாதம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம், ஸ்கேன் எடுக்கிறோம். அதனால்தான் சீக்கிரம் கண்ணில் படுகிறது. இன்னொரு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் குழந்தையையும் காப்பாற்றி நோய்ப்பட்டதை மட்டும் எடுப்பது பலருக்குச் சாத்தியம்.

கீமோ பற்றித்தான் மக்களிடம் அதிகப் பயம். மருத்துவர்கள் பலரிடமும் அதே பயத்தைப் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் கீமோ கூடாது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. குறைபாடு வரும் வாய்ப்பு பத்து, இருபது சதவீதம் வரை போகும். அதன் பிறகு, கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகளைக் கவனத்தோடு கொடுக்க முடியும். குழந்தையின் எடை குறையலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், அதனால் சில வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே மருந்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் தாய்க்கும் சேய்க்கும் ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பிரசவம் நடந்து, ரத்தப்போக்கும் தொற்றும் வரும். சிஸ்பிளாட்டின் கொடுத்திருந்தால் குழந்தையின் காதைச் சோதிக்கவேண்டும். பெவாசிசுமாப் போன்ற புதிய மருந்துகளைக் கர்ப்பத்தில் தொடவே கூடாது. கீமோ ஓடும்போது தாய்ப்பால் கொடுக்க முடியாது.

இதெல்லாம் காற்றில் எழுதிய பேச்சில்லை. பெல்ஜியத்தின் லூவன் நகரில் பிரடெரிக் அமான்ட் என்ற மகளிர் புற்றுநோய் மருத்துவர் பல நாடுகளின் மருத்துவர்களைச் சேர்த்து, இப்படிப்பட்ட தாய்மாரையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் பதிவுசெய்து பின்தொடர்ந்து வருகிறார். கர்ப்பத்தில் தாய்க்குப் புற்றுநோய் இருந்த 129 குழந்தைகளை, அதே வயதும் அதே கர்ப்பவாரமும் உள்ள மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2015-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் வேறுபாடு தெரியவில்லை. பிள்ளைகளைப் பாதித்தது குறைமாதப் பிறப்புதான். 2018-இல் 1,170 தாய்மாரின் விவரத்தை வெளியிட்டபோது, பிளாட்டினம் வகை மருந்து கொடுத்த இடத்தில் குழந்தை எடை குறைவாகப் பிறப்பது அதிகம் என்றும் சொன்னார்கள். நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொன்ன கணக்கு அது. "கீமோவை ஆரம்பிக்கணும், அதனால குழந்தையை ஏழாம் மாசமே எடுத்துடலாம்" என்ற அவசரம் பல நேரம் பிள்ளைக்கு நாம் செய்யும் கெடுதல் என்பதை நம் மருத்துவமனைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். "பிரசவம் முடியட்டும், அதுவரை எதுவும் வேண்டாம்" என்று தள்ளிப்போடுவது தாய்க்குச் செய்யும் கெடுதல் என்பதும் அதே அளவு உண்மை.

இவ்வளவும் தெரிந்திருக்கும்போது, தாம்பரத்துப் பெண்ணுக்கு இந்தச் சிகிச்சை ஏன் நேராகக் கிடைக்கவில்லை? வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். மகப்பேற்றுக்கு நம் எல்லாருக்கும் தெரிந்த எழும்பூர் மருத்துவமனை, 1844-இல் தொடங்கியது, வடக்கே ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தெற்கே முப்பது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் வடகிழக்கே இருபது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் படப்பை, வாலாஜாபாத் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2025-இல் தாம்பரத்துக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை கிடைத்தது. அதற்கு இந்த ஊர் நன்றியோடு இருக்கிறது. ஆனால் சந்தேகமான கட்டியோடு வரும் கர்ப்பிணி இந்த நான்கு திசையில் எந்தத் திசைக்குப் போகவேண்டும் என்று கேட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரால் உறுதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கிப் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் முடிச்சூரிலும் வேறு மாவட்டங்களிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் வந்து வேலை பார்க்கிறார்கள். இங்கே அவர்களுக்குத் தெரிந்த மருத்துவர் யாரும் இல்லை.

இந்த அலைச்சல் புதிதும் இல்லை. 1809-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிறு பெரிதாகிக்கொண்டே போக, பார்த்தவர்கள் இரட்டைக் குழந்தை என்று நினைத்தார்கள். எப்ரெய்ம் மெக்டவல் என்ற மருத்துவர் அது சினைப்பைக் கட்டி என்று கண்டுபிடித்தார். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவைக்காக அந்தப் பெண் அறுபது மைல் குதிரையில் போனாள். பத்துக் கிலோ எடையுள்ள கட்டியை எடுத்தார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தாள். உலகில் வெற்றிபெற்ற முதல் சினைப்பை அறுவை என்று அதைச் சொல்வார்கள். அது நடந்து இரண்டு நூற்றாண்டு தாண்டிவிட்டது. பெருங்களத்தூரிலும் "ரெட்டையா இருக்கும்" என்றுதான் சொன்னார்கள். இந்தப் பெண்ணும் தெருத்தெருவாக அலைந்தாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட விரும்புகிறேன். மாசமான ஏழைப் பெண்களுக்கு நம் அரசு கொடுக்கும் 18,000 ரூபாய் உதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை 1954-இல் தொடங்கியவரும் அவரேதான். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அந்த அம்மையார், தன் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்ததிலிருந்து அந்த மருத்துவமனைக் கனவைச் சுமந்தார். அங்கே வந்து சேர்ந்து வாழ்நாள் முழுவதையும் கொடுத்த டாக்டர் சாந்தா யார்? மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவத்தில் டி.ஜி.ஓ.வும் எம்.டி.யும் படித்தவர். பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்த அரசு வேலையை விட்டுவிட்டுத்தான் புற்றுநோய்ப் பக்கம் வந்தார். பிரசவமும் புற்றுநோயும் இந்த இரண்டு பெண்களிடத்தில் சேர்ந்தே இருந்தன. அவர்கள் பெயரைச் சொல்லி நாம் கட்டிய ஏற்பாட்டில் மட்டும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவு ஒரு கணினியிலும், புற்றுநோயாளியின் கோப்பு இன்னொரு கட்டடத்திலும் கிடக்கின்றன. ஒரு பெண்ணுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அந்தக் கோப்புகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. தாம்பரம் இதை வேறொரு நோயில் செய்துகாட்டிய ஊர். காசநோய் என்றாலே வீட்டைவிட்டு விலக்கிவைத்த காலத்தில், 1928-இல் டாக்டர் சவுரிமுத்து இங்கே சானடோரியத்தைத் தொடங்கினார். பிறகு எச்.ஐ.வி. வந்தபோது, மற்ற இடங்களில் கதவைச் சாத்தினார்கள். இந்த மருத்துவமனை திறந்துவைத்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த நாட்களில் நாங்கள் என்ன செய்தோம்? எந்தக் கர்ப்பிணி வந்தாலும் பரிசோதனைக்கு முன் ஆலோசனை, பரிசோதனை, முடிவு, மருந்து, பிரசவம் எங்கே, குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை மாதத்தில் திரும்பப் பரிசோதனை என்று தாயையும் சேயையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தோம். பிரசவ வார்டில் இருந்த எனக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்று தெரிந்திருந்தது. சுவரில் எண் ஒட்டியிருந்தது. ஊசியைத் தொடவே பயந்த இளம் செவிலியர்கள்கூட அந்த முறை இருந்ததால் துணிந்து வேலை செய்தார்கள். அந்த முறையைச் சென்னைப் புறநகரில் கர்ப்பிணியின் புற்றுநோய்க்கும் கொண்டுவாருங்கள்.

இதற்கு முதலில் தேவை ஒரு குழு. எழும்பூர், ராஜீவ்காந்தி அரசுப் பொது மருத்துவமனை, அடையாறு, காரப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய இடங்களின் மகப்பேறு, மகளிர் புற்றுநோய், கீமோ, மயக்கவியல், பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் வாரத்தில் ஒரு நாள் காணொளியில் உட்கார்ந்தால் போதும். சந்தேகக் கட்டியோடு எந்த ஊரில் எந்தக் கர்ப்பிணி இருந்தாலும் அவளுடைய ஸ்கேன் அவர்கள் முன்னால் வரவேண்டும். எங்கே அறுவை, யார் செய்வது, எப்போது பிரசவம், குறைமாதக் குழந்தையைத் தாங்கும் வார்டு எங்கே இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்து, அவளுக்கு ஒரே ஒரு மருத்துவரின் பெயரையும் ஒரே ஒரு செவிலியரின் எண்ணையும் கொடுக்கவேண்டும். "பிரசவம் முடிச்சிட்டு வாங்க" என்று வாசலிலிருந்து திருப்பி அனுப்பும் அதிகாரம் எந்த மருத்துவமனைக்கும் இருக்கக் கூடாது.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை வழியிருக்கிறது. தாயின் அறுவை, கீமோ, சிசேரியன், குழந்தையின் தீவிர சிகிச்சை எல்லாம் ஒரே நேரத்தில் வரும் இந்தப் பெண்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி வாங்க ஓடாமல் ஒரே அனுமதியில் முடியும்படி செய்யுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று மெப்ஸ் தொழிலாளியின் மனைவியைத் திருப்பி அனுப்பாதீர்கள். மாதம் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கி, ஐயாயிரத்துக்கு மேல் வாடகை கட்டுகிறவனை இந்தச் செலவு கடனாளியாக்கிவிடும். போக்குவரத்துக்கு 108 வண்டியை அவசரத்துக்கு மட்டும் என்று வைக்காமல், கீமோ நாளில் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடும் வண்டியையும் இவர்களுக்குக் கொடுக்கவேண்டும். கீமோ போட்டுக்கொண்ட எட்டு மாதக் கர்ப்பிணி மின்சார ரயிலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் திரும்புவதைப் பார்த்தவள் நான்.

சட்டம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பிறகும், அதற்கு முன்பும், தாயின் உயிரைக் காக்க உடனே கலைக்கவேண்டும் என்றால் வார வரம்பு பார்க்க வேண்டியதில்லை. வயது வந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். கணவன் கையெழுத்தோ மாமியார் அனுமதியோ தேவையில்லை. இது அவளுக்குத் தெரியவேண்டும். அதே சமயம், சினைப்பைப் புற்று என்ற ஒரே காரணத்துக்காகக் கருவைக் கலைத்தால் தாய் நன்றாகிவிடுவாள் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதும் தெரியவேண்டும். நோய் முற்றிய நிலையில், முதல் மூன்று மாதத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டு, கீமோவுக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால் அந்தப் பேச்சு வரத்தான் வேண்டும். அப்போதும் மருத்துவர் சொல்ல வேண்டியதைத் தமிழில், புரியும்படி, இரண்டாவது முறையும் சொல்லிவிட்டு, அவள் முடிவுக்கு விடவேண்டும். அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேச ஒரு அறையும் ஒரு ஆலோசகரும் வேண்டும். எச்.ஐ.வி. காலத்தில் நமக்கு அந்த ஆலோசகர்கள் இருந்தார்கள்.

சிசேரியன் செய்யும் ஒவ்வொரு மருத்துவரும் வயிற்றை மூடுமுன் இரண்டு சினைப்பையையும் கையில் எடுத்துப் பார்ப்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். நல்ல மருத்துவர்கள் செய்கிறார்கள். வரிசையில் அடுத்த சிசேரியன் காத்திருக்கும் இரவில் அது விட்டுப்போகிறது. பார்த்ததை அறுவைக் குறிப்பில் எழுதவேண்டும் என்று கட்டாயமாக்கினால் விட்டுப்போகாது. தனியார் மருத்துவமனைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புறநகரில் பாதிப் பிரசவம் அங்கேதான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அடையாறில் இருக்கும் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவகத்துக்கும் பிக்மி பதிவுக்கும் இடையில் ஒரு பாலம் போடுங்கள். புற்றுநோய் பதிவாகும் பெண் அந்த நேரத்தில் கர்ப்பமாக இருந்தாளா, பிரசவமாகி ஓராண்டுக்குள்ளா என்ற ஒரு கட்டம் போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள பெல்ஜியத்துக் கணக்கையே எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? தாயின் வயிற்றில் கீமோவைத் தாங்கிப் பிறந்த குழந்தைக்குக் காது, எடை, வளர்ச்சி பார்க்கும் பரிசோதனைகள் பள்ளி சேரும்வரை மாவட்டத்திலேயே கிடைக்கவேண்டும். ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அதற்கென்றே நம்மிடம் இருக்கின்றன.

இவற்றில் சிலவற்றுக்குப் பணமும் ஆளும் காலமும் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றுக்குச் சுற்றறிக்கை ஒன்று போதும். கர்ப்பகால ஸ்கேன் அறிக்கை ஒவ்வொன்றிலும், அரசு ஆனாலும் தனியார் ஆனாலும், வலது சினைப்பை, இடது சினைப்பை என்று இரண்டு வரி இருக்கவேண்டும். கட்டி இருந்தால் எத்தனை சென்டிமீட்டர், உள்ளே கெட்டியா நீரா என்று எழுதவேண்டும். கட்டி என்று எழுதிய அன்றே பதினாறாவது வாரத்துக்கு அடுத்த ஸ்கேன் நாள் அந்தத் தாளிலும் பிக்மியிலும் ஏறவேண்டும். அந்த நாளில் அவள் வரவில்லை என்றால் நகர்ப்புறச் செவிலியர் வீட்டுக்குப் போய்க் கூட்டிவரவேண்டும். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் சென்டர்கள் எல்லாம் ஏற்கெனவே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உங்களிடம் பதிவு பெற்று, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இதை முதலில் தொடங்குங்கள். ஆறு மாதம் நடத்திப் பார்த்து, எத்தனை கட்டி எழுதப்பட்டது, எத்தனை திரும்பப் பார்க்கப்பட்டது, எத்தனை பெண்கள் குழுவின் முன் வந்தார்கள் என்பதை வெளியிடுங்கள். அந்த அறிக்கை வரும் நாளில் கேட்க வேண்டிய அடுத்த கேள்விகளோடு மறுபடியும் எழுதுவேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சிட்லபாக்கம்